மாங்கனி வழக்கு

உலகை முதலில் சுற்றி வருபவருக்கே மாங்கனி என்று பெற்றோர் நிபந்தனை விதித்த அன்று, இளையவர் மயிலேறி மெய்யாகவே தூரத்தைக் கடந்து வர, மூத்தவரோ பெற்றோரைப் பிரதட்சிணம் செய்து பரிசைத் தட்டிச் சென்றாரல்லவா. அவ்வழக்கின் மேல்முறையீடுதான், மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில், விடியற்காலையில் சீமைக்கருவேல முள்ளுக்கு ஒதுங்கி ஓடும் சகோதரர்களால் இன்றளவும் நடத்தப்படுகிறது. தம்பி முந்தினால் அது பிராயத்தின் சலுகை. அண்ணன் முந்தினால் அப்பியாசத்தின் மகிமை. பின்தங்கியவர் உடனே குனிந்து, ஒழுங்காக இருக்கும் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர் என்பது இருவருக்கும் மனப்பாடம். அதில் டீக்கடைக்கு எவ்வளவு போகிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

2016 செப்டம்பரில் மெக்ஸிகோவின் கோசுமெல் தீவில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில், வெயிலில் தள்ளாடிய தம்பி ஜானி பிரவுன்லியை அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி வந்து, எல்லைக்கோட்டில் தமக்கு முன்னே தள்ளிவிட, தம்பிக்கு இரண்டாமிடமும் அண்ணனுக்கு மூன்றாமிடமும் வாய்த்தன. இதைக் கேட்டு நம்மூர்த் தம்பிமார் மனமுருகுகின்றனர். அண்ணன்மாரோ, வயிறு நிறைந்தவனுக்குத் தர்மம் சுலபம் என்கின்றனர். அதிலும் நியாயம் இல்லாமலில்லை: 2012 லண்டன், 2016 ரியோ ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கத்தை அலிஸ்டர் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.