இரும்புக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று

வடசென்னையின் காலடிப்பேட்டைப் பக்கத்துச் சுவரொட்டிகளை நம்பினால், சர்க்கரை நோய் 48 நாளில் ஓடிவிடும். மூட்டுவலி ஒரே தைலத்தில் பறந்துவிடும். பத்தியமும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும்கூட இல்லை. செல்போன் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. எழுபது வயதைத் தாண்டிய சட்டம். சுவர் சுவராக நடக்க அதற்கும் மூட்டுவலி போலும்.

ஆனாலும் இந்தச் சுவரொட்டிக்காரர்கள் சில்லறை வியாபாரிகள். பெரிய வியாபாரத்தைப் பாருங்கள். 2020-இல் பதஞ்சலி நிறுவனம் கொரோனாவுக்கென்று 'கொரோனில்' மாத்திரையை இறக்கியபோது, சென்னையின் ஆருத்ரா இன்ஜினியரிங் நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது: "அந்தப் பெயர் 1993-இலிருந்தே எங்களுடையது!" அவர்களுடைய கொரோனில், ஆலை இயந்திரங்களை அமிலத்தால் கழுவும்போது இரும்பு அரிக்காமல் காப்பது. எண்ணூர் வரை ஆலைகள் வரிசைகட்டும் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான சரக்குதான்.

பதஞ்சலியின் மாத்திரையோ கொரோனாவைக் குணமாக்காது, சளி, இருமல், காய்ச்சலுக்கான எதிர்ப்புச் சக்திக்குத்தான். மக்களின் பீதியைக் காசாக்கப் பார்க்கிறார்கள் என்று கண்டித்த நீதிபதி, பதஞ்சலி தரப்பை 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டு கொரோனிலில் ஒன்றை வாங்கச் சொன்னால், நான் இரும்புக்கானதையே வாங்குவேன். வேலை செய்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாமே.