எதிரே ஒரு முகம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், நிலைக்கு மேலே சற்று முன்சாய்ந்தாற்போல மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தாத்தாவும் அதன் கைப்பிடியைப் பற்றியபடி பின்னால் நிற்கும் பாட்டியும், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப் போல நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படிப்பட்ட ஒரு ஜோடி இருந்திருக்கும், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1839இல் பாரிஸில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்துவைக்க எந்த முகத்தாலும் ஆகாது. தாத்தாவின் காலத்துக்குள் கேமரா வேகமாகிவிட்டது, முகங்கள்தான் பழைய வழக்கத்தை விடவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோதும் விடவில்லை. அருவி வரைந்த திரைக்கு முன்னால், விளக்குச் சூட்டில் பவுடர் வியர்வையோடு இறங்க, சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் நின்ற அந்த நாட்களில் ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள்தான். ஒன்று வீணானால் காசு வீண். அப்பா ‘ஆடாதே’ என்பார், அம்மா ‘பல்லைக் காட்டாதே’ என்பாள், ஸ்டுடியோக்காரர் மட்டும் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தி, ‘லேசா சிரிச்ச மாதிரி இரு தம்பி’ என்பார். மூன்று கட்டளைகளையும் ஒரே முகத்தில் நிறைவேற்றப் பார்த்த அந்தப் பையன்மீது இன்று எனக்கு வாஞ்சை பொங்குகிறது.

ஆனால் படத்தில் உறைந்து நிற்கும் அதே பாட்டி, சாயங்காலம் திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்துவிட்டால், வெற்றிலைச் சாறு புடவையில் தெறிக்கும்வரை சிரிப்பாள். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்தைச் சணலால் கட்டிக் கொடுத்த கையோடு, கொசுறாக ஒரு பிடி பொட்டுக்கடலையும் ஒரு சிரிப்பும் தருவார். எழும்பூரில் ஏறிய ரயிலில் எதிர் இருக்கைக்காரர் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் நம்மைப் பார்த்துச் சிரித்து, ‘எதுவரைக்கும்?’ என்று கேட்டு, விழுப்புரம் வருவதற்குள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நம் பக்கம் நீட்டியிருப்பார். காசில்லாமல் கிடைத்த இந்தச் சுகங்களை அன்று யாரும் கணக்கில் வைக்கவில்லை.

மனிதன் ஏன் சிரிக்கிறான் என்ற கேள்விக்கு, மகிழ்ச்சி வந்தால் சிரிக்கிறான் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் கிராட், ஜான்ஸ்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறார்கள். நல்ல வீச்சு விழுந்தபோதுகூட, கட்டைகளைப் பார்த்து நின்றவரையில் அவர்கள் அதிகம் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் சிரிப்பு வந்தது. மகிழ்ச்சி முன்பே வந்துவிட்டது. சிரிப்பு, பார்க்க ஒரு முகம் கிடைக்கும்வரை காத்திருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தால் ‘பைத்தியமா உனக்கு?’ என்று கேட்ட நம் பெரியவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. தொட்டிலில் பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிரித்தால் ‘நரி விரட்டுது’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அது தாயின் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறதே, அன்றைக்குத்தான் தெருவையே கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டு ஆண்கள் வந்ததும் என் அத்தைகளின் சிரிப்பு சமையற்கட்டுக்குள் ஓடி ஒளிந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்று பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பெண்கள் வயிறு குலுங்கச் சிரிப்பதைக் கேட்கும்போது, இந்த ஒன்றுக்காகவே காலம் மாறியது நல்லது என்று தோன்றுகிறது.

மற்றபடி, நாம் சிரிக்கும் திசை மாறிவிட்டது. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, ஓர் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சிரிக்கும் முகமாகச் சேர்த்து, கணினிச் செய்திகளில் விளையாட்டாகச் சொல்வதை அடையாளம் காட்டப் பயன்படுத்தலாம் என்றார். இன்று கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை அனுப்பும்போது நம் உதடு அசைவதே இல்லை. 2007இல் சோனி நிறுவனம், ஆள் சிரித்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும் கேமராவைக் கொண்டுவந்தது. பல்லைக் காட்டாதே என்று அதட்டப்பட்டு வளர்ந்த தலைமுறை, பல்லைக் காட்டும்வரை காத்திருக்கும் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்கிறது! கல்யாண வீடுகளில் கைப்பேசியை நீட்டியதும் வரிசையாக மலரும் முகங்கள், அதை இறக்கிய மறுகணம் ஒன்றையொன்று பார்க்காமல் திரையில் தம்மைத் தேடும்போது, பந்தி பரிமாறிக்கொண்டே ஊர் வம்பு பேசிச் சிரித்த கூட்டத்தை மனம் தேடத்தான் செய்கிறது.

2020இல் எல்லோரும் முகக்கவசத்துக்குள் போனபோது, எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் தெரியவில்லை, கண்ணோரம் சுருங்கியதில் தெரிந்தது. உள்ளன்போடு வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து இயங்கும், அது மனத்தின் கட்டளைக்கு எளிதில் பணியாது என்று 1862லேயே எழுதினார் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர். உதட்டின் மேல் நமக்கு இருக்கும் அதிகாரம் கண்ணின் மேல் இல்லை.

இயந்திரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. கடல் கடந்து வாழும் பேரக் குழந்தை திரையில் பொக்கைவாய் திறந்ததும் இங்கே தன் பொக்கைவாயைத் திறக்கும் பாட்டிமார்களை நான் அறிவேன். என் பாட்டிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அந்தத் திரையின் கண்ணாடிக்கு அப்பாலும் ஒரு முகம் இருக்கிறது. கைப்பேசியில் வாங்கிய பொட்டலத்தை வாசலுக்கு வந்து நீட்டும் பையனுக்கும் ஒரு முகம் இருக்கிறது. நாமோ திரையில் வந்த எண்ணை அவனிடம் படித்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அடுத்த முறை அவன் வரும்போது, கைப்பேசியைச் சற்றுக் கீழே இறக்கி, அவனைப் பார்த்துச் சிரியுங்கள்.