பதறுவது நம் பங்கு

ஒன்றுமே தெரியாத நேரலை என்று உலகில் ஒன்று உண்டென்றால், அது செவ்வாய் கிரகத்தில் ஊர்தி இறங்கும் நேரலைதான். கிரிக்கெட்டில் பந்தாவது தெரியும். தேர்தல் முடிவு நாளில் கட்சிக்கொடியாவது ஆடும். இதில் ஓர் அறை, அறை நிறைய ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஆட்கள். அவர்கள் திரையைப் பார்க்கிறார்கள், நாம் அவர்களைப் பார்க்கிறோம். மொத்த நிகழ்ச்சியும் இவ்வளவுதான். இதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்கும் ஜனங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். நானும் அந்த ஜாதி.

2021 பிப்ரவரி 18 அன்று கலிஃபோர்னியாவில், பாசடீனா பக்கத்திலுள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில், மதியச் சாப்பாட்டு நேரம். இங்கே சென்னையில் 19-ஆம் தேதி பிறந்து மணி 2:25. பெர்சிவரன்ஸ் என்ற ஒரு டன் எடையுள்ள ஆறு சக்கர ஊர்தி இறங்க வேண்டும். வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று சத்தத்தை ஒற்றை இலக்கத்தில் வைத்திருந்தேன். அம்மாவின் காதுக்கு அது போதும்.

"யாருக்குடா என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி அது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. கொரோனாக் காலம். திரையில் அத்தனை பேரும் முகக்கவசத்தோடு, கவலையோடு, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐசியூ வாசல் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

"இல்லம்மா, செவ்வாய்ல ஒரு வண்டி இறங்கப் போகுது."

"வண்டி எங்க?"

"அதெல்லாம் தெரியாது. சிக்னல் மட்டும் வரும். அதுவும் பதினோரு நிமிஷம் லேட்டா."

அம்மா தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்தார். தூக்கம் கலைந்தால் அவருக்குக் கணக்கு நன்றாக வரும். "அப்ப இந்நேரம் இறங்கியிருக்கணும், இல்ல விழுந்து நொறுங்கியிருக்கணும். நடந்து முடிஞ்சதுக்கு இவங்க ஏன் இப்பக் கையப் பிசையறாங்க?"

நாசாவின் பத்திரிகைக் குறிப்புகள் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயம் இதுதான். அன்று செவ்வாயிலிருந்து வானொலி அலை பூமிக்கு வர 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. செவ்வாயின் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து தரையைத் தொட ஊர்திக்கு ஆகும் நேரம் ஏழு நிமிடம். ஆக, உள்ளே நுழைந்துவிட்டது என்ற செய்தி பாசடீனாவுக்கு வந்து, எல்லாரும் பதறத் தொடங்கிய அந்தக் கணத்தில், ஊர்தி தரைக்கு வந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. முழுசாகவோ, துண்டு துண்டாகவோ. அந்த ஏழு நிமிடத்தில் யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது. மணிக்கு 20,000 கிலோமீட்டர் வேகத்தை மனிதன் நடக்கும் வேகத்துக்கும் கீழே கொண்டுவருவது, வெப்பக் கவசம் 1,300 டிகிரியில் தகிப்பது, 21.5 மீட்டர் அகலப் பாராசூட்டை விரிப்பது, கீழே தரையைப் படம் பிடித்துப் பாறை இல்லாத இடமாகப் பார்த்துப் பொறுக்குவது எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைத்துத் தங்களுக்கு வேலையே இல்லாமல் செய்துகொண்டார்கள். மிச்சம் இருந்தது பதற்றம் ஒன்றுதான். அதையும் அவர்களே வைத்துக்கொள்ளாமல் நம்மோடு பகிர்ந்துகொண்டார்களே, அந்தப் பெருந்தன்மைக்குத்தான் நான் ராத்திரி தூக்கத்தைக் கொடுத்தேன்.

பதற்றத்துக்கு அவர்களிடம் ஒரு மருந்து இருக்கிறது: நிலக்கடலை. கதையல்ல, ஜேபிஎல்லின் சம்பிரதாயம். 1960-களில் நிலாத் திட்டத்துக்காக அவர்கள் விட்ட ரேஞ்சர் விண்கலங்கள் வரிசையாக ஆறு ஊற்றிக்கொண்டன. 1964-இல் ஏழாவது புறப்பட்டபோது அறையில் யாரோ கடலை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழாவது ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து முக்கியமான நாள் என்றால் கட்டுப்பாட்டு அறையில் கடலை டப்பா இல்லாமல் காரியம் நடக்காது. நம் இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட் மாதிரியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போவதைக் கேலி செய்து வருஷா வருஷம் எழுதும் பகுத்தறிவு நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் கடலையைப் பற்றிச் சொன்னேன். கடலையில் புரதம் இருக்கிறது என்றார்.

தரையிறங்கியது உறுதி என்று அறிவித்த குரல் ஸ்வாதி மோகனுடையது. ஊர்தியை வழிநடத்தும் கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர். அறையே எழுந்து குதித்தது. கட்டிப்பிடிக்கக் கூடாத காலமாகையால் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் வானத்தைக் குத்தினார்கள். என் கண்ணில் தண்ணீர். அம்மாவின் கண்ணில் வேறொன்று பட்டது.

"பொட்டு வச்சிருக்காடா!"

மறுநாள் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய் கிரகம் இல்லை, பொட்டுதான் இருந்தது. பெங்களூரில் பிறந்து ஒரு வயதில் அமெரிக்கா போனவர் என்ற தகவல் ஒன்பது மணிக்குள் வந்து சேர்ந்தது. மோகன் என்று பெயர் இருப்பதால் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்தான் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டதற்கு, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். முகத்தில் பாதிக்கு முகக்கவசம். கேலியாகச் சொல்லவில்லை, 2012-இல் கியூரியாசிட்டி என்ற செவ்வாய் ஊர்தி இறங்கியபோது அமெரிக்கர்களும் இதைத்தான் செய்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் பாபக் ஃபெர்தோசி என்ற இளைஞர், இரு பக்கமும் மழித்து நடுவில் நிறுத்தி, நட்சத்திரம் வெட்டிய தலைமுடியோடு உட்கார்ந்திருந்தார். நாடே அந்த முடியைப் பார்த்துச் சொக்கிப்போனது. பாராட்ட போன் செய்த அதிபர் ஒபாமாகூட அந்தத் தலையைப் பற்றிப் பேசினார். வண்டி கண்ணுக்குத் தெரியாதவரை ஜனங்கள் வேறு எதைத்தான் பார்ப்பார்கள்?

எனக்கு இதில் தனிப்பட்ட பாத்தியதையும் உண்டு. பெர்சிவரன்ஸ் கிளம்புமுன் நாசா, பெயரைக் கொடுங்கள், செவ்வாய்க்கு அனுப்புகிறோம் என்று அறிவித்திருந்தது. 1 கோடியே 9 லட்சம் பேர் கொடுத்தார்கள். நகக்கண் அளவுச் சில்லுகளில் அத்தனை பெயரையும் பொறித்து ஊர்தியில் ஒட்டினார்கள். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கேது கடைசிப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். தாம்பரம் தாண்டினாலே ஊறுகாய் பாட்டிலோடு கிளம்பும் அப்பா, இப்படியாக 47 கோடி கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தார். விமான டிக்கெட் போலவே அச்சடித்த போர்டிங் பாஸும் வந்தது. ராக்கெட் கிளம்பியது 2020 ஜூலை 30. அந்த மாதம் சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போக வேண்டுமென்றால் இ-பாஸ். நான் தகுந்த காரணம் எழுதி விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு அந்தத் தொந்தரவு இருக்கவில்லை.

இறங்கிய இடம் ஜெசேரோ பள்ளம். 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. ஆறு வந்து கலந்த இடத்தில் படிந்த வண்டலில் பழைய உயிரின் தடயம் கிடைக்குமா என்று தேடுவதுதான் திட்டம். ஏரிக்குள் இடம் பிடிப்பது சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. இதில் ஒரு சௌகரியம், மழைக்காலத்தில் தண்ணீர் வராது.

இறங்கும்வரைதான் அது இயந்திரம். இறங்கிவிட்டால் வீட்டுப் பிள்ளை. கியூரியாசிட்டியின் முதல் வருஷ நிறைவுக்கு அதன் மண் பரிசோதனைக் கருவியை அதிரவைத்துப் பிறந்தநாள் பாட்டு முனக வைத்தார்கள். யாருமில்லாத பாலைவனத்தில் தனக்குத்தானே பாடிக்கொண்டது என்று கேட்டு உலகம் உருகியது. ஒரே ஒரு முறைதான் பாடியது. வருஷா வருஷம் பாடுவதாக நினைத்து இன்றும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. ஆப்பர்ச்சூனிட்டி என்ற பழைய ஊர்தியின் கதை இன்னும் மோசம். 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று 2004-இல் இறக்கியது, பதினான்கு வருஷத்துக்கு மேல் ஓடி 45 கிலோமீட்டர் கடந்தது. 2018-இல் புழுதிப்புயலில் வாயடைத்துப்போனது. அது கடைசியாக அனுப்பியவற்றில், மின்சார அளவையும் வானத்தின் மங்கலையும் சொன்னவை வெறும் எண்கள். ஒரு செய்தியாளர் அதை, சார்ஜ் குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது என்கிற மாதிரி பேச்சு வழக்கில் சொல்லிவைத்தார். முடிந்தது. சொந்த மாமா இறந்ததற்கு விடுப்பு எடுக்காத எங்கள் அலுவலக சூப்பிரண்டெண்ட், அன்று செல்போனைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை.

இத்தனை பாசத்திலும் ஒருவருக்குப் பங்கில்லை என்பது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். பெர்சிவரன்ஸ் இறங்கிய கடைசிக் கட்டத்தில் எட்டு எஞ்சின்களோடு அந்தரத்தில் நின்று, கிணற்றில் வாளி இறக்குவதுபோல் நைலான் கயிற்றில் ஊர்தியை இறக்கிவிட்டது ஒரு பறக்கும் கிரேன். சக்கரம் மண்ணைத் தொட்டதும் கயிற்றை அறுத்துவிட்டு, பிள்ளை மேல் விழுந்துவிடக் கூடாதே என்று தள்ளிப் பறந்து போய், தானே மோதி நொறுங்கியது. தூரத்தில் புகை எழும்புவது ஊர்தி எடுத்த படத்திலேயே இருக்கிறது. அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பாட்டு கிடையாது, ட்விட்டர் கணக்கு கிடையாது. இங்கே அறையில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 4 அன்று பெர்சிவரன்ஸ் முதல் முறையாக நகர்ந்தது. இதற்கு யாரும் அலாரம் வைக்கவில்லை. மறுநாள் செய்தியைப் படித்து அம்மாவிடம் சொன்னேன்: 33 நிமிடத்தில் ஆறரை மீட்டர்.

"அவ்வளவு தூரம் போயி இவ்வளவுதானா? பெட்ரோல் கட்டுப்படியாகுமா?"

பெட்ரோல் விலை நூறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதம் அது. "பெட்ரோல் இல்லம்மா, புளுட்டோனியம். ஒரு தடவை போட்டா 14 வருஷம் தாங்கும்."

அம்மா ஜன்னல் வழியே என் பைக்கைப் பார்த்தார். "இதைக் குடுத்துட்டு அந்த மாதிரி ஒண்ணு எடுத்துடு. நீயும் அந்த வேகத்துலதான ஓட்டற?"