நரைமுடிக் கூலி: ஒரு திண்ணைப் பொருளியல் ஆய்வு

சிறுமியர் வருவாய் பற்றி நம் பொருளியல் அறிஞர்கள் காட்டிவரும் மௌனம் ஐயத்துக்குரியது. கடைக்குப் போய்வந்து மீதிச் சில்லறையை அமுக்குவது வருவாய் ஆகாது, அது தரகு. பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுந்து வாங்குவது மானியம். பழைய பேப்பரை எடைக்குப் போட்ட காசோ அம்மாவின் கடுகு டப்பாவுக்குள் போய்விடும். உழைத்து ஈட்டும் தூய கூலி என்று பார்த்தால், தாத்தா தலையில் நரைமுடி பிடுங்குவது ஒன்றே மிஞ்சுகிறது.

இந்த ஆய்வு 1980களில் பாளையங்கோட்டையில், ஒரே ஒரு தலையில் நிகழ்த்தப்பட்டது. ஆய்வாளரும் கூலியாளும் ஒருத்தியே என்பதால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முன்னோர் இத்துறையை அணுகிய விதம் வருத்தம் தருகிறது. புறநானூற்றின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் தமக்கு வயதாகியும் நரைக்காததற்குக் காரணங்களை அடுக்குகிறார்: நல்ல மனைவி, நல்ல மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், நல்ல அரசன், ஊர் நிறையச் சான்றோர். அந்த வீட்டுப் பேத்திகள் துட்டுக்கு எங்கே போனார்கள் என்று எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. காளிதாசனின் ரகுவம்சத்தில் தசரதனின் காதோரம் வந்து சேர்ந்த மூப்பு, நரையாக நின்று, ராமனிடம் அரசைக் கொடு என்று கிசுகிசுக்கிறது. அரண்மனையில் பேத்தி ஒருத்தி இருந்திருந்தால் விஷயம் பத்துப் பைசாவோடு முடிந்திருக்கும்.

பத்துப் பைசா என்பது முடி ஒன்றுக்கான கூலி. ஓரம் நெளிநெளியான அலுமினியக் காசு. (25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. அதனால் இன்றைய பேத்திகள் 50 பைசாவுக்குக் குறைந்து கூலி வாங்க வழியே இல்லை. ஒரு வேலைநிறுத்தமும் செய்யாமல் பெற்ற ஐந்து மடங்கு உயர்வு இது.)

மத்தியானச் சோறு முடிந்ததும் தாத்தா திண்ணைத் தூணில் சாய்வார். பிடுங்கிய முடியை ஈரம் தொட்டுச் சிலேட்டில் வரிசையாக ஒட்டவேண்டும். கருப்புச் சிலேட்டில் வெள்ளை முடி பளிச்சென்று தெரியும். தவறிப் பிடுங்கிய கருப்பு முடி தெரியவே தெரியாது. கணக்கில் பொய் ஏற முடியாத ஏற்பாடு என்றுதான் தாத்தா நம்பினார். நீளமான முடியை நடுவில் அறுத்து இரண்டாக ஒட்டலாம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதைக் கண்டுபிடிக்க ஆச்சிக்கு ஒரே பார்வை போதுமாயிருந்தது.

“ஏட்டி, இதுக்கு வேரு எங்க?”

அன்றிலிருந்து வேரில்லாத முடிக்குத் துட்டு கிடையாது.

ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு முளைக்கும் என்பது ஆச்சியின் பயம். நான் அதை மனமார நம்பினேன். என் தொழிலின் எதிர்காலமே அதில்தான் இருந்தது. பிற்காலத்தில் படித்தபோது ஏமாற்றம்: ஒரு வேர்க்காலில் பிடுங்கினால் அங்கே ஒன்றுதான் வரும். நிறம் வற்றிய வேர் என்பதால் அதுவும் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஒன்றரை மாதத்தில் விரலுக்குப் பிடிபடும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். தாத்தா தலையில் எட்டு. ஆனால் ஓயாமல் பிடுங்கினால் வேரே செத்துப்போகும் என்பதை நானும் யோசிக்கவில்லை, தாத்தாவும் யோசிக்கவில்லை.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது சந்தை நிலவரம் மாறிவிட்டது. தலையில் வெள்ளை பெரும்பான்மை ஆகிவிட்டது. ஒரே மத்தியானத்தில் முப்பது முடி, மூன்று ரூபாய். தாத்தா சிலேட்டைப் பார்த்தார், மடியிலிருந்த சுருக்குப்பையைத் தடவினார், ஒப்பந்தத்தை மாற்றினார்.

“இனிமே கருப்பு முடிக்குத்தான் துட்டு.”

பொழுது சாய்கிறவரை தேடினேன். பிடரியில் மட்டும் கொஞ்சம் அகப்பட்டது; ஒரு ரூபாய் பத்துப் பைசா தேறும். சிலேட்டில் ஒட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஆச்சி எழுந்துவந்து, கொடியில் காய்ந்த தாத்தாவின் வேட்டியை உருவி என் முன்னால் விரித்துப் போட்டாள்.