பூ தெருவுக்கு, காய் வீட்டுக்கு

மரத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் செம்மயிற்கொன்றை பூத்துத் தெருவே சிவந்து கிடக்கும்போது ஆளாளுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அதே மரம் பிற்பாடு ஓர் அடி, ஒன்றரை அடி நீளத்துக்குக் காய்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகத் தலையில் போடும்போது நின்று ரசிப்பவர் யாருமில்லை. தலையைத் தடவிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மாமியார் இதற்கு நேர்மாறு. போடிநாயக்கனூர்க்காரர். அவரைப் பொறுத்தவரை பூ என்பது மரம் தெருவுக்குக் காட்டும் பகட்டு. காய்தான் வீட்டுக்குத் தரும் வரும்படி. பெண் பார்க்கப் போன இடத்திலும் அம்மாவுக்கு இதே கொள்கைதான் என்று என் கணவர் சொல்வார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சென்னைக்கு எங்களோடு வந்து சேர்ந்ததிலிருந்து அத்தைக்குக் காலை நடை உண்டு. மற்றவர்கள் கைவீசிப் போய்க் கைவீசித் திரும்புவார்கள். அத்தை மஞ்சள் பையோடு போய் மூட்டையோடு திரும்புவார். "கடையில இருந்தா சரக்கு, கீழ கெடந்தா குப்பையா? இது என்ன ஞாயம் தாயி?" என்பார். பதில் யோசித்து முடிப்பதற்குள் மூட்டை பால்கனிக்குப் போயிருக்கும்.

செம்மயிற்கொன்றைக் காயை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே விதைக்கு ஒன்றாக வரிசையாய்க் குழிகள், சின்னப் பல்லாங்குழி மாதிரி. இரண்டு பாதிகளையும் தொட்டி விளிம்பில் நட்டு வேலி கட்டிவிட்டார் அத்தை. தண்ணீர் ஊற்றினால் மண் வழிவதில்லை. பிளக்காத காய் மிளகாய்ச் செடிக்கு ஊன்றுகோல். மிச்சமெல்லாம் பேரனுக்கு வாள். நன்றாகக் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும். மேற்கிந்தியத் தீவுகளில் 'ஷாக்-ஷாக்' என்று பெயர் வைத்து, இசைக்கே இதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கச்சேரி உண்டு. கீழ்வீட்டுக்காரர் மதியத் தூக்கம் போடும் நேரத்தில் ஆரம்பமாகும்.

சரக்கொன்றைக் காய் விஷயத்தில் மட்டும் அத்தை கறார். கறுத்த தடிபோல் நீண்டிருக்கும் காய்க்குள் குறுக்கே வில்லை வில்லையாகத் தடுப்பு. அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுவென்று கறுப்புச் சதை. அந்தச் சதை பேதி மருந்து. மலச்சிக்கலுக்குப் பழைய வைத்தியம் என்று எங்கோ படித்துவிட்டு ஆசையாக வந்தார் ஓர் உறவினர். அத்தை காயைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அளவு தெரிஞ்சவன் கொடுத்தா மருந்து. நான் கொடுத்தா நீங்க ஊருக்கு பஸ் ஏற முடியாது." வில்லைகளைப் பேரன் எடுத்துக்கொண்டு, விளையாட்டுக் கடையில் காசாகப் புழங்குகிறான்.

புங்கங்காய்க்கு ஆடம்பரம் கிடையாது. பெரும்பாலும் காய்க்கு ஒரு விதை. ஊரில் பொறுக்கிச் சேர்த்து ஆட்டுவார்கள்; கசப்பெண்ணெய், சமையலுக்கு ஆகாது, விளக்குக்கு ஆகும். பிண்ணாக்கு செடிக்கு உரம், மண்ணில் இருக்கும் பூச்சிக்கு விரோதி. சென்னையில் செக்குக்கு எங்கே போவது? அத்தை விதையை இடித்துத் தொட்டியில் போடுகிறார். இடிக்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஆவலோடு, "என்ன மாமி, இட்லிப் பொடியா?" என்று விசாரித்தார்கள். கொஞ்சம் கொடுத்தனுப்பலாமா என்று அத்தை யோசித்ததை நான் பார்த்தேன்.

இலவங்காய் என்றால் அத்தைக்குப் பிறந்த ஊர்ப் பாசம் பொங்கிவிடும். போடிப் பக்கம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. அந்தப் பஞ்சு வழுவழுப்பு, நூலாகத் திரிக்கச் சிரமம். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும்; கடலில் போகிறவர்களின் உயிர்காப்பு உடைக்குள் ஒருகாலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். நாம் மெத்தையில் அடைத்துக்கொண்டு தரையிலேயே மிதந்தோம். இலவு காத்த கிளி என்று யாராவது பரிதாபப்பட்டால் அத்தைக்குக் கோபம் வரும். "பழம் தர்றேன்னு மரம் சொல்லுச்சா? பஞ்சு மரத்துல போயி பழத்துக்கு உக்காந்தது கிளியோட தப்பு. நாம தலகாணிக்கு உக்காந்தோம், கெடச்சுச்சு."

மஞ்சாடி மரத்துக் காய் முறுக்கிக்கொண்டு வெடித்துச் சிவப்பு விதைகளைச் சிதறும். எத்தனை வருடம் ஆனாலும் நிறம் மங்காது. பொற்கொல்லர்களுக்கு ஒருகாலத்தில் இது எடைக்கல்: இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது சோழர் காலக் கணக்கு. அத்தை ஒரு பாட்டில் நிறையச் சேர்த்துப் பீரோவில் நகைப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "பவுனு விக்கிற விலைக்கு இனிமே தங்கம் வாங்க முடியாது. எடைக்கல்லாவது நம்மகிட்ட இருக்கட்டும்" என்றார்.

இவ்வளவும் பால்கனி சமாசாரம். ஊர் விவகாரமாக வெடித்தது வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தால். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம், நிழலுக்காக நம் சாலையோரமெல்லாம் நட்டது. அதன் பழுப்புக் காய்க்குள் இனிப்பான பிசின். விழுந்தால் காரில் ஒட்டும், செருப்பில் ஒட்டும், செருப்பு வழியாக வரவேற்பறைக்கும் வரும். அத்தை அள்ளி வந்து மக்கும் பீப்பாயில் போட்டார். காய் மக்கியது, விதை மக்கவில்லை. அந்த உரம் போட்ட தக்காளித் தொட்டியில் தக்காளிக்கு முன்னால் தூங்குமூஞ்சிக் கன்றுகள் எழுந்து நின்றன. வளர்ந்தால் 30 மீட்டர் அகலம்கூட விரியக்கூடிய மரம். எங்கள் பால்கனி அகலம் நாலு அடி. இருந்தும் பிடுங்க மனம் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். எங்கள் வீட்டில் நேரத்துக்குத் தூங்குகிற ஒரே உயிர் அதுதான்.

இதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலர் சுற்றறிக்கை விட்டார்: காய்கள் மழைநீர் வடிகாலை அடைக்கின்றன, கார்கள் பாழாகின்றன, மரத்தை வெட்ட அனுமதி கேட்கலாம். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். அத்தை எழுந்து, "காயைத்தான பிரச்சனைங்கறீங்க? காயை நான் காலி பண்றேன்" என்றார்.

மறுநாளே அடுத்த தெருப் பால்காரரோடு பேச்சு முடிந்தது. அவருடைய மாடுகளுக்குத் தூங்குமூஞ்சிக் காய் என்றால் உயிர். மூட்டை மூட்டையாகக் காய் அங்கே போயிற்று. பதிலுக்கு மூட்டை மூட்டையாக மக்கிய சாண எரு இங்கே வந்தது. வாசல் சுத்தம், வடிகால் சுத்தம். செயலர் மனம் குளிர்ந்து, தன் நேரடிப் பார்வையில் இருக்கும் ரோஜாப் பாத்திக்கே அந்த எருவைப் போடச் சொன்னார். அந்த விதையின் தோல் எவ்வளவு கெட்டி, மாட்டின் வயிற்றில் புகுந்து புறப்பட்டும் முளைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மாட்டோடு வளர்ந்த அத்தைக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று நானும் கேட்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் செயலர் வாசலில் வந்து நின்றார். ரோஜாப் பாத்தி முழுக்கப் புதுசாக ஏதோ செடி செழிப்பாக வந்திருக்கிறதாம். நர்சரியில் கிடைக்கிற ஜாதியாகத் தெரியவில்லையாம். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே, பெயர் என்ன?

அத்தை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சாயந்தரம் ஆறரைக்குப் போயிப் பாருங்க. அதுவே சொல்லும்."