சிக்கனத் தோட்டா

அமெரிக்காவின் டிராப் துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தில் சுற்றுக்கு 25 களிமண் தட்டுகள். பெட்டிக்கு 25 தோட்டாக்கள். 108 மில்லிமீட்டர் தட்டை உடைக்க, 12 கேஜ் தோட்டாவில் 28 கிராம் ஈய ரவை, எட்டாம் எண் அளவில் ஏறத்தாழ 400 குண்டுகள், போதும். சிக்கனக்காரர் தோட்டாவின் பித்தளை அடியை விலக்கி எஃகு அடியைத் தேர்ந்து சில்லறை மிச்சம் பிடிக்கிறார். மிச்சம் பெருக, நிறையச் சுட வேண்டும் என்பது எளிய கணக்கு. ஆகவே 250 தோட்டா கொண்ட பெரும்பெட்டிகளாக வாங்குகிறார். அவற்றை அடுக்க ஒரு கொட்டகை. ஏற்றிவர ஒரு டிரக். எல்லாம் சிக்கனத்தின் பொருட்டே. தட்டு தப்பினால் பழி மலிவுத் தோட்டாவுக்கு. உடைந்தால் புகழ் விலையுயர்ந்த இத்தாலியத் துப்பாக்கிக்கு. தட்டில் இருப்பவை சுண்ணாம்புக்கல் தூளும் கீலும். களிமண் அறவே கிடையாது. அது வேறெங்கோ இருப்பதாகக் கொள்க.