தலைக்கு 120 ரூபாய்

நான்கு கிலோ பொமரேனியன் ஒன்றை ரயிலில் ஏற்றிப் பாருங்கள். கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டியில் அடைத்தால் அது 30 கிலோ. ஏ.சி. முதல் வகுப்பில் கூட்டிப்போனால் 60 கிலோ. தராசே வேண்டாம், விதிப்புத்தகம் போதும். எஜமானனின் பை கனக்கக் கனக்க நாயும் கனக்கும் என்பது ரயில்வே கண்டுபிடித்த இயற்பியல்.

கட்டணம் வாங்கும்போது இப்படிக் கொழுத்த நாய், நஷ்டஈடு என்று வந்ததும் எலும்பும் தோலுமாகிவிடுகிறது. ரயில்வேயின் பொறுப்புக்கு வரம்பு கட்டிய 1990-ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டுங்கள். யானைக்குத் தலைக்கு 6,000 ரூபாய், குதிரைக்கு 3,000, ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் 800. நாய், கழுதை, ஆடு, பன்றி, பறவை எல்லாம் ஒரே பந்தி: 120 ரூபாய். கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துத் தனியாகப் பணம் கட்டவில்லையென்றால், பத்து வருஷம் உங்கள் காலடியில் படுத்திருந்த ஜீவனுக்கு உச்சபட்ச விலை அவ்வளவுதான். யானையோடு பயணம் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டுமா? முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூப்பேயோ நான்கு படுக்கைக் கேபினோ முழுசாக உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கிடைக்குமா என்பது சார்ட் போடும்வரை ஆண்டவனுக்கே வெளிச்சம். இரண்டாம் ஏ.சி., மூன்றாம் ஏ.சி., ஸ்லீப்பர் எதிலும் நாய் ஏறக்கூடாது. ஒளித்துக் கொண்டுபோய் டி.டி.இ.யிடம் மாட்டினால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு.

ஸ்லீப்பர்க்காரனின் நாய்க்கு விதித்தது கார்டு வண்டிதான். மே மாதத்து விஜயவாடா வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டி. காதைப் பிளக்கும் தடதடப்பு. சோறும் தண்ணீரும் வைப்பது சொந்தக்காரர் பொறுப்பு என்று விதி கையைக் கழுவிக்கொள்கிறது. சரி, வைக்கிறோம். 24 பெட்டி ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம்; வண்டி நிற்பதோ இரண்டு நிமிடம். வால் வரை ஓடி, கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சி, தண்ணீர் ஊற்றிவிட்டு, கிளம்பும் வண்டியில் தொற்றிக்கொள்ள மனிதனுக்கும் நான்கு கால் வேண்டும். 2022 ஜனவரியில் கார்டை 'டிரெயின் மேனேஜர்' ஆக்கினார்களே, அந்தச் சூட்டோடு நாய்ப் பெட்டிக்கும் 'பயணியர் மாளிகை' என்று ஒரு பெயர் வைத்திருக்கலாம். காசு செலவில்லாத சீர்திருத்தம்.

வடக்கே மாற்றலாகிப் போகும் குமாஸ்தா என்ன செய்வார்? கூப்பே கட்டுப்படியாகாது. பெட்டியில் அடைக்க மனசு வராது. தெருமுனை டீக்கடையில் சொல்லி, நாலு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறுவார். அது ஆட்டோவின் பின்னாலேயே ஓடும். நேற்றுவரை மணி, நாளை முதல் தெருநாய். டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; இரண்டு வாரம் முடிவதற்குள் அதைத் தானே திருத்தியது. பிடிப்பதற்கு வண்டி உண்டு, ஆள் உண்டு, வலை உண்டு. சொந்தக்காரனோடு ஊர்போய்ச் சேரத்தான் ஓர் ஓரம் கிடையாது.

அதற்காக ரயில்வே சும்மா இருந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. செல்லப் பிராணிகளுக்கு ஆன்லைனிலேயே டிக்கெட் எடுக்கலாம் என்றொரு யோசனை 2023-ல் செய்திகளில் அமர்க்களப்பட்டது. எந்த வகுப்புக்கு என்கிறீர்களா? ஏ.சி. முதல் வகுப்புக்கு.